சக்கரத்துள் காற்று

மண்ணின்மேல் நிற்கும் மாளிகையைக் கல்லும் செங்கல்லும் தாங்குகின்றன. கடல்மேல் செல்லும் கலத்தை நீர் தாங்குகின்றது. சாலையில் ஓடும் காரைத் தாங்குவது யாது? இரும்பு அச்சு என்பர் சிலர். இரப்பர் டயர் என்பர் வேறு சிலர். இரண்டும் முழு விடை ஆகா. காரின் எடையிற் பெரும்பகுதியைத் தாங்குவது டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றே ஆகும். கண்ணாற் காண இயலாத, கையாற் பற்ற இயலாத அக்காற்றின்மேல் அமர்ந்துதான் ஒரு குடும்பம் ஊர்விட்டு ஊர் செல்கின்றது.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். ஆட்களையும் சேர்த்து 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று இருப்பதாகக் கொள்க. அதன் ஒவ்வொரு சக்கரமும் தாங்கும் சுமை 300 கிலோகிராம். டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்திற்கு 32 பவுண்டு. அஃதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோகிராம். 300ஐ 2.25ஆல் வகுத்தால் ஏறக்குறைய 133 வரும். ஆகவே ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ 133 சதுர சென்டிமீட்டரே. விரல்களோடு சேர்ந்த ஓர் உள்ளங்கையின் அளவுதான் அது. அத்தகைய நான்கு உள்ளங்கைகளின் அளவுள்ள இடமே காருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உறவு. காரைத் திருப்புவதும், விரைவிப்பதும், நிறுத்துவதும் அச்சிறிய இடத்தைக் கொண்டே நிகழ்கின்றன.

அழுத்தம் குறைந்தால் என்ன ஆகும்? டயர் தட்டையாகிறது. சுழலுந்தோறும் அதன் பக்கச்சுவர் மிகுதியாக மடிந்து மடிந்து நிமிர்கிறது. ஒரு கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் வளைந்த இடம் சுடுவதைப் பலரும் கண்டிருப்பர். டயரும் அவ்வாறே சூடேறுகிறது. சூடு மிகுந்தால் இரப்பரும் அதனுள் இருக்கும் இழைகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. விரைந்து செல்லும்போது டயர் வெடித்தால் அதனால் விளையும் கேட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலால் டயரிலுள்ள காற்று என்பது உயிர்காக்கும் பொருள்.

காற்றடைத்த சக்கரம் மிகப் பழமையானதன்று. மரச்சக்கரத்தின்மேல் இரும்புப் பட்டை பூட்டுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 1845ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்பவர் காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிகளே ஓடிய அக்காலத்தில் அது பரவவில்லை. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் என்பவர், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று எண்ணி, காற்றடைத்த இரப்பர்க் குழாயை அதன் சக்கரத்தில் பொருத்தினார். தந்தை ஒருவரின் அன்பிற் பிறந்த அச்சக்கரம் மிதிவண்டிகளில் விரைந்து பரவியது. 1895ஆம் ஆண்டில் மிஷலின் உடன்பிறந்தார் இருவரும் பாரிஸிலிருந்து போர்தோவுக்குச் சென்று திரும்பும் போட்டியில் காற்றடைத்த டயர்கள் பூட்டிய காரை ஓட்டிக் காட்டினர். வழியெல்லாம் டயர்கள் பலமுறை பஞ்சராயின. ஆயினும் காரும் காற்றின்மேல் ஓடலாம் என்பது உலகிற்குத் தெரிந்தது.

அன்று தொட்டு டயருக்குள் அடைக்கப்பட்டது சாதாரணக் காற்றே. ஆனால் இன்று நகரங்களிலுள்ள டயர்க் கடைகள் பலவற்றில், 'இங்கு நைட்ரஜன் அடிக்கப்படும்' என்னும் பலகை தொங்குகின்றது. பெட்ரோல் நிலையத்தில் காற்று விலையின்றிக் கிடைக்க, நைட்ரஜனுக்குக் கட்டணம் கொடுக்க வேண்டியுள்ளது. எதனை அடைப்பது நல்லது? இவ்வினா ஒருநாள் ஒரு குடும்பத்தின் முன் எழுந்தது.

திருச்சிராப்பள்ளியில் வாடகைக் கார் ஓட்டுபவர் ஒருவர் இருந்தார். கார் அவருடைய சொந்த உழைப்பால் வாங்கியது. கோடை விடுமுறையில் தம் தாயாரையும், தமக்கையையும், தமக்கையின் மக்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு இராமேசுவரத்திற்குப் புறப்பட்டார். தமக்கையின் மூத்த மகள் மேல்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் பயில்பவள். புதுக்கோட்டையைக் கடந்து திருமயத்தை அணுகும்போது வெயில் ஏறிவிட்டது. பெட்ரோல் போடுவதற்காக ஒரு நிலையத்தில் காரை நிறுத்தினார்.

நிலையத்து ஊழியர் ஒருவர் சக்கரத்தைப் பார்த்து, "ஐயா, பின்சக்கரம் தட்டையாகத் தெரிகிறதே! காற்றுப் பார்க்கட்டுமா?" என்றார். அழுத்தமானியை வைத்துப் பார்த்தபோது, 32 பவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் பின்சக்கரம் ஒன்றில் 22 பவுண்டே இருந்தது. மற்ற மூன்றிலும் 27 பவுண்டுக்கு மேல் இல்லை.

ஓட்டுநர் வியப்புற்றார். "ஆறு மாதத்திற்கு முன்புதான் நான்கு டயரிலும் நைட்ரஜன் அடித்தேன். அது குறையவே குறையாது என்றார்கள். அதனால் பிறகு நான் பார்க்கவேயில்லை" என்றார்.

ஊழியர் காற்றுக் குழாயை எடுத்தார். ஓட்டுநர் அவரைத் தடுத்து, "வேண்டாம், தம்பி. நைட்ரஜனோடு சாதாரணக் காற்றைக் கலக்கக் கூடாது என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். காரைக்குடி இன்னும் 20 கிலோமீட்டர்தான். அங்கே நைட்ரஜன் கிடைக்கும். மெல்லப் போய்விடலாம்" என்றார்.

காருக்குள் இருந்த மாணவி இறங்கி வந்தாள். "மாமா, கலந்தால் என்ன கெடுதி வரும்?" என்று கேட்டாள்.

"அது வேறு, இது வேறு அல்லவா, அம்மா? பாலில் மோர் கலந்தால் பால் திரிந்துவிடுமே, அதுபோல" என்றார் அவர்.

"பாலோடு மோர் கலப்பதன்று, மாமா. பாலோடு தண்ணீர் கலந்த பால் கலப்பதைப் போன்றதுதான் இது. காற்றில் பெரும்பகுதி நைட்ரஜனே அல்லவா?" என்றாள் அவள்.

ஓட்டுநர் ஒரு கணம் சிந்தித்தார். பின் இருக்கையில் தாயார் அமர்ந்திருந்தார். வெயில் சாலையை வறுத்துக்கொண்டிருந்தது. காரில் ஐந்து பேரும் மூட்டைகளும் இருந்தன. குறைந்த அழுத்தத்தோடு 20 கிலோமீட்டர் செல்வதா? அன்றிக் கலக்கக் கூடாது என்று கேட்ட சொல்லைக் கடப்பதா? அவர் எந்த முடிவை எடுக்க வேண்டும் என்பதை அறியக் காற்றின் இயல்பையும் நைட்ரஜனின் இயல்பையும் முதலில் அறிதல் வேண்டும்.

காற்று ஒரு தனிப்பொருள் அன்று. பல வாயுக்களின் கலவை. ஈரமற்ற காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு பிராணவாயு. எஞ்சிய ஒரு பங்கிற் பெரும்பகுதி ஆர்கான் என்னும் வாயு. கரியமில வாயு மிகச் சிறிய அளவிலேயே உள்ளது. இவற்றோடு இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப நீராவியும் கலந்திருக்கும். மூச்சிழுக்கும்போதெல்லாம் மக்கள் உட்கொள்வது பெரும்பாலும் நைட்ரஜனையே. அஃது உடலில் யாதொரு மாற்றமும் அடையாமல் உள்ளே சென்றவாறே வெளியே வருகின்றது.

இந்த வாயுவை 1772ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் தானியேல் இரதர்போர்டு என்னும் இளைஞர் பிரித்தறிந்தார். மூடிய கலத்திலுள்ள காற்றில் பொருள்களை எரித்து, அதிலிருந்து கரியமில வாயுவையும் நீக்கிப் பார்த்தார். எஞ்சிய வாயுவில் விளக்குச் சுடர் அணைந்தது. எலி உயிர்வாழ இயலவில்லை. பிரெஞ்சு விஞ்ஞானியாகிய லவாஸியே இதற்கு 'உயிரற்றது' என்னும் பொருளுடைய பெயரை இட்டார். எரிவதற்குத் துணை செய்யாமையும், பிற பொருள்களோடு எளிதிற் சேராமையும் இதன் இயல்புகள். டயர்க் கடைகள் இவ்வியல்புகளையே புகழ்ந்து கூறுகின்றன.

அக்கடைகளுக்கு நைட்ரஜன் எங்கிருந்து கிடைக்கிறது? கடையிலுள்ள பொறி, சூழ்ந்துள்ள காற்றையே உள்ளிழுக்கிறது. அதனை நுண்துளை மிக்க சவ்வின் வழியாகவோ சல்லடை போன்ற கரித்துண்டுகளின் வழியாகவோ செலுத்துகிறது. பிராணவாயுவும் நீராவியும் பிரிகின்றன, நைட்ரஜன் தங்குகின்றது. ஆகவே விலைக்கு விற்கப்படுவதும் விலையின்றிக் கிடைப்பதும் ஒரே காற்றிலிருந்து வந்தவையே. ஒன்றில் நூற்றுக்கு 95 பங்கு அளவில் நைட்ரஜன். மற்றொன்றில் 78 பங்கு. வேறுபாடு அவ்வளவே. இனி, அவ்வேறுபாட்டால் விளையும் பயன்கள் எவை என்பதை ஒவ்வொன்றாக ஆராய்வது முறை.

நைட்ரஜன் கசியாது என்பது முதற்கூற்று. இதில் ஓரளவு உண்மை உண்டு. இரப்பர் கெட்டியான பொருளாகத் தோன்றினும், அதன் மூலக்கூறுகளுக்கிடையே வாயுக்கள் மெல்ல நுழைந்து வெளியேறும். இரப்பரினூடே பிராணவாயு நைட்ரஜனைவிட மூன்று நான்கு மடங்கு விரைவாகச் செல்லும். ஆகவே நைட்ரஜன் அடைத்த டயரின் அழுத்தம் சற்று மெல்லக் குறையும். எவ்வளவு மெல்ல? அமெரிக்காவில் நுகர்வோர் நலனுக்காக வெளிவரும் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' இதழினர் 31 வகை டயர்களைக் கொண்டு ஓராண்டுச் சோதனை நடத்தினர். எல்லாவற்றிலும் தொடக்கத்தில் 30 பவுண்டு அழுத்தம் இருந்தது. ஓராண்டுக்குப் பின் காற்றடைத்த டயர்கள் சராசரியாக 3.5 பவுண்டு இழந்திருந்தன. நைட்ரஜன் அடைத்தவை 2.2 பவுண்டு இழந்திருந்தன. ஓராண்டில் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 1.3 பவுண்டு. நைட்ரஜனும் குறைந்தது என்பதை மறத்தல் கூடாது.

மேலும், அச்சோதனையில் டயர்கள் ஓடாமல் நின்றிருந்தன. சாலையில் ஓடும் டயருக்குக் கசிவு வேறு வழிகளிலும் உண்டு. சிறு ஆணி தைக்கும், வால்வு தேயும், டயர் விளிம்பும் சக்கர விளிம்பும் கூடும் இடத்தில் அழுக்குச் சேரும். அத்துளைகளின் வழியாக வெளியேறும்போது பிராணவாயுவும் நைட்ரஜனும் ஏறத்தாழ ஒரே விரைவில்தான் வெளியேறும். ஓட்டைப் பானையில் கிணற்று நீர் ஊற்றினாலும் ஆற்று நீர் ஊற்றினாலும் ஒழுகுவது ஒழுகியே தீரும் அன்றோ? திருமயத்தில் நின்ற அந்தக் காரின் பின்சக்கரத்திலும் நிகழ்ந்தது அதுவே.

சூட்டில் நைட்ரஜன் விரியாது என்பது இரண்டாம் கூற்று. இது பௌதிக விதிக்கு மாறானது. அடைபட்ட வாயு எதுவாயினும் வெப்பம் ஏற அதன் அழுத்தமும் ஏறும். இதனைக் கணக்கிட்டே அறியலாம். டயரில் 32 பவுண்டு என்று அளவி காட்டுவது, வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேற்பட்ட அளவையே. வெளிக்காற்றின் அழுத்தமாகிய 14.7 பவுண்டையும் கூட்டினால் மொத்த அழுத்தம் 46.7 பவுண்டு. காலையில் டயரின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். அஃதாவது கெல்வின் அளவில் 303. வெயிலில் விரைந்து ஓடி 60 டிகிரியை அடைந்தால் கெல்வின் அளவில் 333. 46.7ஐ 333ஆல் பெருக்கி 303ஆல் வகுத்தால் 51.3 வரும். அதிலிருந்து 14.7ஐக் கழித்தால் அளவி காட்டும் அழுத்தம் ஏறத்தாழ 36.6 பவுண்டு. உள்ளே இருப்பது காற்றாயினும் நைட்ரஜனாயினும் இக்கணக்கு ஒன்றே.

ஆயின், இக்கூற்று எங்கிருந்து பிறந்தது? ஈரத்திலிருந்து பிறந்தது. காற்றை அழுத்தும் பொறியின் தொட்டியில் நீர் சேர்வது வழக்கம். அதனை அவ்வப்போது வடித்துவிடாவிட்டால், காற்றோடு நீரும் டயருக்குள் செல்லும். டயர் சூடேறும்போது அந்நீர் ஆவியாகி, அழுத்தத்தைக் கணக்கிற்கு மேலும் சற்று உயர்த்தும். பொறியிலிருந்து வரும் நைட்ரஜன் ஈரமற்றது. ஆதலால் இக்குறை அதற்கில்லை. ஆனால் ஈரமற்ற காற்றுக்கும் இக்குறை இல்லை. எனவே இப்பெருமை வறட்சிக்கு உரியதே தவிர, நைட்ரஜனுக்கு மட்டும் உரியதன்று.

டயர் பழுதடையாது, சக்கரம் துருப்பிடிக்காது, பெட்ரோல் மிச்சமாகும் என்பன பிற கூற்றுகள். பிராணவாயு இரப்பரை நாளடைவில் கடினப்படுத்துவது மெய். ஆயினும் டயரின் வெளிப்புறம் எப்போதும் காற்றிலும் வெயிலிலும் கிடக்கின்றது. உட்புறத்தை மட்டும் காத்தலால் வரும் நன்மை சிறிதே. நாள்தோறும் ஓடும் காரில், உட்புறம் முதுமை அடையும் முன்னரே வெளிப்புறம் தேய்ந்துபோதல் இயல்பு. பெட்ரோல் மிச்சமாவதோ டயரின் அழுத்தம் சரியாக இருப்பதால் வருவது. சரியான அழுத்தமுள்ள இரு டயர்களில் ஒன்றில் காற்றும் மற்றொன்றில் நைட்ரஜனும் இருந்தால், உருளும் எளிமையில் வேறுபாடு தோன்றாது.

இவ்வளவும் கேட்டபின், நைட்ரஜன் வீண் என்று முடிவு கட்டுதலும் தவறாகும். நைட்ரஜன் இன்றியமையாத இடம் ஒன்று உண்டு. அது விமானத்தின் சக்கரம்.

பெரிய விமானத்தின் டயரில் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டு அளவிலும் இருக்கும். மேலே பறக்கும்போது வெளியே பனிக்கட்டி உறையும் நிலைக்கும் 50 டிகிரி கீழான குளிர். தரையிறங்கித் தடையை அழுத்தும்போது சக்கரத்தருகே பல நூறு டிகிரி வெப்பம். அவ்வெப்பத்தில் டயரின் உட்புற இரப்பரிலிருந்து எரியத்தக்க ஆவி கிளம்பக் கூடும். உள்ளே பிராணவாயுவும் இருந்தால் அவ்வாவி தானே தீப்பற்றி டயர் வெடிக்கும்.

இது வெறும் அச்சமன்று, நிகழ்ந்த துன்பம். 1986ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் மெக்சிகோ நகரிலிருந்து போயிங் 727 விமானம் ஒன்று புறப்பட்டது. அதன் சக்கரத் தடைகளுள் ஒன்று விடுபடாமல் பற்றியிருந்தமையால் சக்கரம் மிகவும் சூடேறியது. அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதிலாகச் சாதாரணக் காற்று அடைக்கப்பட்டிருந்தது. விமானம் வானில் ஏறிய சிறிது நேரத்தில், உள்ளே மடங்கியிருந்த அச்சக்கரத்தின் டயர் வெடித்தது. எரிபொருட் குழாய்கள் சிதைந்தன, தீ மூண்டது, விமானம் மலைமேல் வீழ்ந்தது. அதிலிருந்த 167 பேரும் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டாகிய 1987இல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. பெரிய பயணிகள் விமானங்களில் தடை பொருந்திய சக்கரங்களின் டயருக்குள் நூற்றுக்கு 5 பங்கிற்கு மேல் பிராணவாயு இருத்தலாகாது என்பது அவ்வாணையின் கருத்து.

பந்தயக் கார்களிலும் நைட்ரஜன் பயன்படுகின்றது. அங்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் கார் வளைவில் திரும்பும் திறன் மாறும். ஈரமற்ற வாயுவின் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். அதனால் பந்தயக்காரர் அதனை விரும்புகின்றனர். விமானத்திற்குத் தீயினின்று காப்பு; பந்தயத்திற்குக் கணக்கின் நுட்பம். காரணம் அறிந்து செய்யும் தேர்வு இவ்விடங்களிற் காணப்படுகின்றது. திருச்சிராப்பள்ளியிலிருந்து இராமேசுவரம் செல்லும் காருக்கு அவ்விரு காரணங்களும் இல்லை. அதற்கு வேண்டுவது சரியான அழுத்தம் ஒன்றே.

இனி, கலக்கலாமா என்னும் வினாவிற்கு வருவோம். 22 பவுண்டு அழுத்தத்தில் இருந்த அப்பின்சக்கரத்தில் மொத்த அழுத்தம் 36.7 பவுண்டு. அதில் நூற்றுக்கு 95 பங்கு நைட்ரஜன் என்று கொண்டால், 32 பவுண்டு வரும்வரை சேர்க்க வேண்டிய காற்று 10 பவுண்டு. சேர்த்தபின் கணக்கிட்டுப் பார்த்தால், டயருக்குள் இருப்பதில் நூற்றுக்கு 91 பங்கிற்கு மேல் நைட்ரஜனே. யாதொரு இரசாயன மாற்றமும் அதில் நிகழாது. மிகுதியாக இருந்த நைட்ரஜனின் விகிதம் சற்றே குறையும், அவ்வளவே. அதனால் டயர் கெடும் என்பதற்கு இடமில்லை. குறைந்த அழுத்தத்தோடு ஓடினால் டயர் கெடும் என்பதோ உறுதி.

வெயிலில் நின்றபடியே மாணவி இக்கணக்கைச் சுருக்கமாகக் கூறினாள். ஓட்டுநர் அமைதியாகக் கேட்டார். "அப்படியானால், ஆறு மாதமாக நான் பாராமல் இருந்ததுதான் தவறு" என்றார்.

"நைட்ரஜன் அடித்தது தவறில்லை, மாமா. அடித்துவிட்டோமே என்று பாராமல் இருந்ததுதான்" என்றாள் அவள்.

ஓட்டுநர் ஊழியரிடம், "தம்பி, நான்கிலும் 32 வைத்துவிடுங்கள். பின்னால் இருக்கும் மாற்றுச் சக்கரத்தையும் பாருங்கள்" என்றார். டயர்கள் பாதி வழி ஓடிச் சற்றே சூடேறியிருந்தமையால், காலையில் குளிர்ந்த நிலையில் மீண்டும் அளந்துகொள்ளுமாறு ஊழியர் நினைவூட்டினார். பின்சக்கரத்து வால்வின் வாயில் சோப்பு நீரை வைத்துப் பார்த்தபோது சிறு குமிழிகள் எழுந்தன. உள்ளே இருந்த சிறு வால்வு மாற்றப்பட்டது. குமிழிகள் நின்றன. கார் மீண்டும் புறப்பட்டது. பொழுது சாயுமுன் அவர்கள் கடல்மேல் செல்லும் பாம்பன் பாலத்தைக் கடந்தனர்.

அந்தக் குடும்பத்திற்குக் கிடைத்த பாடம் கார் உடைய அனைவருக்கும் உரியது. டயரின் அழுத்தத்தை மாதம் ஒரு முறையேனும், நெடும்பயணத்திற்கு முன் தவறாமலும் அளத்தல் வேண்டும். கார் ஓடுமுன் டயர் குளிர்ந்திருக்கும்போது அளத்தலே சரி. ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் மிகுந்து காட்டும். மிகுந்ததே என்று அதனைத் திறந்துவிடுதல் கூடாது. குளிர்ந்தபின் அது குறைந்துபோகும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைக் கார் செய்தவர்களே கதவோரத்தில் ஒட்டியிருப்பர். அதனையே பின்பற்றுதல் வேண்டும். வால்வின் மூடியைத் தொலைத்துவிடாமல் இடுதலும், மாற்றுச் சக்கரத்தையும் மறவாமல் பார்த்தலும் வேண்டும். டயரில் நைட்ரஜன் இருப்பினும் இக்கடமைகளில் ஒன்றும் குறைவதில்லை.

கட்டணம் கொடுக்க வசதியுள்ளவர் நைட்ரஜன் அடைத்துக்கொள்ளலாம், அதனால் தீங்கில்லை, சிறு நன்மையும் உண்டு. வசதியில்லாதவர் சாதாரணக் காற்றையே அடைக்கலாம், அதனால் குறைவில்லை. ஆனால் அளவியை எடுத்துப் பார்க்கும் பழக்கம் இருவருக்கும் பொதுவாக வேண்டும். விலை கொடுத்து வாங்கிய பொருள் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று எண்ணி மனிதர் கண்மூடினால், அப்பொருளின் நன்மை பயனற்றுப்போகும். ஒரு பொருளின் பெயரைக் கேட்டு நம்புதலும் தவறு. பெயரைக் கேட்டு இகழ்தலும் தவறு. அதன் இயல்பை அறிந்து, அளந்து பார்த்து, தேவைக்கு ஏற்பத் தேர்ந்துகொள்வதே விஞ்ஞானம் கற்றதன் பயன் ஆகும்.